காதில் இல்லாத சுருட்டு

1

இந்தக் கதை ஓர் ஆட்டிலிருந்து தொடங்கியது. முதல் வரைவில் எலியிலிருந்து என்று எழுதியிருந்தேன். எலி என்றால் அறிவியல் மாதிரி இருக்கும், வாசகர் மதிப்பார் என்று நினைத்தேன். ஆனால் என்னைப் பயப்படுத்தியது ஆடுதான்.

எலியையும் சொல்லாமல் விட முடியாது. பல்கலைக்கழகத்தை இடையில் விட்ட பிறகு, தெற்கே ஓர் ஆய்வுகூடத்தின் விலங்கறையில் இரவுவேலை செய்தேன். எலிகள் விழித்திருப்பது இரவில், சோதனையும் இரவில்தான். கூட்டுக்குள் ஒரு நெம்புகோல் இருக்கும். எலி அதை அழுத்தினால் சிறு விளக்கு எரியும். கழுத்தில் பொருத்திய குழாய் வழியாக நிக்கொட்டின் இரத்தத்தில் இறங்கும். எலி மறுபடி அழுத்தும்.

[இங்கே மூளையைப் பற்றி ஒரு நீண்ட பந்தி இருந்தது. வெட்டிவிட்டேன். மிச்சம் இது: நிக்கொட்டின் வந்து உட்காருவதற்கென்று மூளையில் இடங்கள் உண்டு. பழகப் பழக அந்த இடங்கள் பெருகும். நிக்கொட்டின் வராத நாளில் அவ்வளவும் வாய் திறந்து கேட்கும்.]

ஒரு சோதனையில் நிக்கொட்டினை நிறுத்தி எலிகளைச் சும்மா விட்டார்கள். வாரக்கணக்கில். தின்றன, தூங்கின, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடின. மறந்துவிட்டன என்றுதான் நினைத்தேன். பிறகு பழைய கூட்டில் விட்டு விளக்கை மட்டும் கொடுத்தார்கள். குழாயில் ஒன்றுமில்லை. நிறுத்திய மறுநாளே சோதித்த எலிகள் அழுத்தியதைவிட இவை அதிகமாக அழுத்தின. அந்த டிக் டிக் சத்தம் கேட்ட கிழமையே வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

2

"கரம்பொன் கரையில் எமிலியானுஸ் என்றொரு கடலோடி—" இல்லை. கடலோடி என்று இங்கே யாரும் யாரையும் சொல்வதில்லை.

"எமிலியானுஸ் நல்ல மனிதர்—" அதுவும் வேண்டாம். நல்ல மனிதர் என்று எழுதினால் வாசகர் அவருடைய காலை இப்போதே வெட்டிவிடுவார்.

எமிலியானுஸ் என் பக்கத்து வளவுக்காரர். மீன்பிடிகாரர். வாயாடி. பிடிக்காதவர்களுக்கு விற்கும் மீனில் ஐஸைக் கூடுதலாக வைத்து நிறுப்பார். வலது காதில் எப்போதும் பாதி சுருட்டு. கடலில் பத்திய (புகைத்த) மிச்சத்தை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு கரையேறுவார். வீட்டில் மறுபடி பற்றவைப்பார். கடைசித் துண்டைக் கறுத்த மறியாட்டுக்குப் போடுவார். புகையிலை தின்னும் ஆட்டுக்கு வயிற்றில் பூச்சி வராது என்பது இந்தக் கரையின் நம்பிக்கை. ஆட்டுக்குப் பூச்சி வரவில்லை. வேறொன்று வந்தது: அவர் நெருப்புப்பெட்டியைத் தொட்டால் அது எங்கே நின்றாலும் ஓடிவரும்.

தைமாதம் அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்தன. பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனது நான். டொக்டர் சொன்னதை நானும் கேட்டேன். இரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. திரும்பவும் சுருட்டைத் தொட்டால் அடுத்தது முழங்காலுக்குக் கீழே.

3

அவர் உடனே விட்டுவிட்டார். யாருக்கும் ஆச்சரியமில்லை. தபசுகாலம், உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு, தொடங்கியிருந்தது.

"தம்பி, கலியாணம் கட்டினதிலையிருந்து ஒவ்வொரு தபசுக்கும் விடுறவன் நான்," என்றார். "ஒருக்காலெண்டாலும் தவறினனானோ எண்டு மாக்கிறேற்றைக் கேளும்."

மாக்கிறேற் அக்கா, அவர் மனைவி, குசினிக்குள்ளிருந்து சொன்னார்: "தபசிலை தவறேல்லை. பாஸ்காப் பூசையிலை மணி அடிச்சவுடனை ஆள் பின்வாசலாலை வெளியிலை. பங்குச் சுவாமியே பிரசங்கத்திலை சொல்லிப் போட்டார், ஆண்டவருக்கு முதல் எமிலியானுஸ் உயிர்க்கிறான் எண்டு."

"அது பகிடிக்குச் சொன்னது."

"சனம் பகிடியெண்டு சிரிக்கேல்லை. உண்மையெண்டு சிரிச்சது."

வாசகருக்கு ஒரு விளக்கம்: தபசின் கடைசிக் கிழமையில், பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி நின்றுவிடும். அதற்குப் பிறகு மரக்கட்டைதான் தட்டுவார்கள். பெரிய சனி இரவு, ஆண்டவர் உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்காப் பூசையின் நடுவில், மணி ஒரேயடியாக அடிக்கும். தபசு முடிந்தது. எமிலியானுஸ் கோயில் பின்மதிலோடு நின்று முதல் சுருட்டைப் பத்துவார். கோயில் வீட்டுக்கு அருகில்தான். மணி கேட்டதும் ஆடுகூடக் கயிற்றை இழுத்துக்கொண்டு அங்கே வந்து நிற்கும். அதற்கும் அன்றுதான் முதல் துண்டு.

எல்லாரும் நம்பிக்கையாக இருந்தார்கள். அவரால் விட முடியும் என்பதற்கு இத்தனை தபசுகள் சாட்சி. எனக்கு மட்டும் எலிகள் நினைவுக்கு வந்தன. அவர் இத்தனை வருடமும் பழகியது விடுவதை அல்ல. நாற்பது நாள் காத்திருந்து மணிக்குப் பத்துவதை.

4

இதை, எலிக்கதையோடு சேர்த்து, அவரிடம் சொன்னேன்.

"எலியும் நானும் ஒண்டோ?" என்றார். "எலி ஞானஸ்நானம் எடுத்ததோ? தபசு பிடிச்சதோ? நீர் படிப்பையும் விட்டு, வேலையையும் விட்டு, கடைசியிலை என்னை எலியாக்க வந்தனீரோ?"

கோபத்தில்தான் அதைச் செய்தேன். என் சட்டைப்பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்துக் குலுக்கினேன். பூவரசடியில் படுத்திருந்த ஆடு, கட்டியிருந்த முளையையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து என் முழங்காலில் மூக்கை வைத்தது. ஆறு கிழமை ஒரு துண்டும் தின்னாத ஆடு. உதடு துடித்தது.

எமிலியானுஸ் சிரித்தார். "பார், விசரி ஆடு!" மாக்கிறேற்றும் சிரித்தார்.

பிறகு மாக்கிறேற்றின் சிரிப்பு நின்றது. அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன்.

எமிலியானுஸின் கை காதுக்குப் போயிருந்தது. இரண்டு விரல்கள், அங்கே இல்லாத ஒன்றைப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தன. அவருக்கு அது தெரியாது. இன்னும் ஆட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கையிலை என்ன?" என்றார் மாக்கிறேற்.

அவர் கையைப் பார்த்தார். வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோல.

"நுளம்பு கடிச்சது," என்றார்.

[இந்த இடத்தில் "அவர் கண்களில் பயம்—" என்று எழுதினேன். அவர் கண்களில் ஒன்றுமில்லை. பயம் எனக்குத்தான்.]

5

பெரிய வெள்ளியன்று, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று அறியும் ஆசை. ஐஸ் விஷயத்துக்குக் கெட்ட வார்த்தை சொன்னார். கடலில் பத்திய மிச்சத்தைக் காதில் செருகும் வரி வந்தபோது அவர் எச்சில் விழுங்கினார். மூக்கு எதையோ தேடியது. நான் எழுதியது வெறும் மை. அதில் புகை இல்லை.

"போதும், தம்பி," என்றார். குரல் மாறியிருந்தது. "இனி வாசியாதையும்."

எச்சரிக்கத்தான் எழுதினேன். எழுதி வைத்ததோ எலிக்கூட்டில் எரிந்ததுபோல் இன்னொரு விளக்கு.

6

இன்று பெரிய சனி. பின்னேரம். மாக்கிறேற் வேலிக்கு வந்தார்.

"சசி, இவர் பூசைக்குப் போகத்தான் போறார். மறிக்க ஏலாது. கோயிலிலை மணி அடிக்கிற ஆள் கிறிஸ்ரி. இண்டைக்கு அடியாதையடா எண்டு கேட்டன். பாஸ்காவுக்கு மணி அடியாமல் விடுறதோ எண்டு என்னைப் பேசிப்போட்டான்."

"நீங்கள் பக்கத்திலை இருங்கோ, அக்கா."

"பொம்பிளையள் இந்தப் பக்கம், ஆம்பிளையள் அந்தப் பக்கம். என்னெண்டு இருக்கிறது?" பிறகு, திண்ணையில் இருந்த என் மேசையைப் பார்த்துக்கொண்டு, "அவர் பத்தேல்லையெண்டு எழுதும்," என்றார்.

"எழுதினால் நடக்குமோ?"

"நடக்காது. எண்டாலும் எழுதும்."

எழுதிப் பார்த்தேன்.

மணி அடிக்கிறது. எமிலியானுஸ் தான் உட்கார்ந்திருக்கும் வாங்கின் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல்— [மாக்கிறேற் கேட்ட முடிவு. அசையாமல் என்பதற்குப் பிறகு பேனா ஓடவில்லை.]

பின்வாசல். ஒரேயொரு சுருட்டு. பிறகு இன்னொன்று. மழைகாலம் வருமுன் முழங்கால். [எலிகள் சொல்லும் முடிவு. எழுத மிகச் சுலபமாக வந்தது. அதனாலேயே கிழித்தேன்.]

ஆட்டை விற்றுவிடுகிறார்கள். [விற்கட்டும். மணியை விற்க முடியாது.]

நான் விலகுகிறேன். இதை வாசிக்கையில் உங்களில் யாருக்காவது கை சட்டைப்பைக்கோ மேசை லாச்சிக்கோ போயிருந்தால், முடிவு அந்தக் கைக்குத் தெரியும். அதனிடம் கேளுங்கள். போகவில்லையென்றால், மாக்கிறேற் கேட்டதை நீங்கள் எழுதிக் கொடுங்கள்; உங்கள் பேனா ஓடக்கூடும்.

எமிலியானுஸ் வெள்ளைச் சேட்டுப் போட்டு, நொண்டிக்கொண்டு படலையைத் திறக்கிறார். என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார்: ஒன்றுமில்லை, பாரும்.

கோயில் பக்கம் சத்தமில்லை. மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பூவரசடியில் ஆடு எழும்பி நிற்கிறது.