நூற்றுப்பதினான்காம் எண் சைக்கிள்

பதினோராம் வகுப்புக்குத் திட்ட மேலாண்மை பாடமாக வந்த ஆண்டில், செய்முறைத் தேர்வுக்காக ஒவ்வொரு குழுவுக்கும் ஊரில் ஒருவருடைய மரணம் ஒதுக்கப்பட்டது. நான்காம் குழுவுக்குப் பள்ளிக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்த தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார். முடிக்க வேண்டிய நாள் பிப்ரவரி இருபத்தெட்டு. குழுவில் ஐந்து பேர். தலைவி இளமதி.

உரியவரிடம் தெரிவித்துக் கையெழுத்து வாங்குவது முதல் வேலை. இளமதிக்கு அவரை நன்றாகத் தெரியும். பள்ளியில் கொட்டகை இல்லாததால் அவள் தினமும் சைக்கிளை அவரிடம்தான் விடுவாள். வெயில் நகர நகர அவர் அதையும் நிழலுக்கு நகர்த்தி வைப்பார். சாயங்காலம் சீட்டு சுடாது.

"பிப்ரவரியா?" என்று படிவத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார் தங்கப்பழம். "மார்ச்சுன்னா பரீட்சை வந்துரும்லா. உங்களுக்குத் தோதாத்தான் போட்ருக்காவ. கையெழுத்து எங்க?"

"மூணு இடத்துல அண்ணாச்சி."

போட்டுக் கொடுத்தார்.

பாடம் எடுத்தவர் ஜெபக்கனி டீச்சர். அதுவரை வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தவர். மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு பையும் ஒரு பேனாவும் ஒரு சான்றிதழும் வாங்கி வந்திருந்தார். "சாவுங்கறது ஒரு வேலை இல்ல பிள்ளைங்களா, முப்பத்தாறு வேலை" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி வேண்டும். முன்வேலை முடியாமல் பின்வேலையைத் தொடக்கூடாது. முடிந்தது பச்சை, நடப்பது மஞ்சள், தாமதம் சிவப்பு.

நான்காம் குழு சார்ட்டு தயாரித்துச் சுவரில் ஒட்டியது. பெரிதாக்குவதற்கு ஏற்ற புகைப்படம். தம்பியோடு சமாதானம். காய்ச்சல். காய்ச்சல் குறையாமலிருத்தல். மதுரையிலிருந்து மகள் வருதல். மகள் வந்ததும் ஒருமுறை கண் திறத்தல். இப்படிப் போயிற்று.

வேலை மளமளவென்று நடந்தது. புகைப்படத்துக்குக் குழுவே கூடப் போய்ச் சட்டை தேர்ந்தெடுத்தது. பொதுச்சுவர் ஒன்றுக்காகப் பத்தொன்பது வருடம் பேசாமலிருந்த தம்பி, இரண்டே நாளில் வந்து அண்ணன் தோளில் அழுதுவிட்டுப் போனார். அதற்குமுன் யாரும் அதற்குத் தேதி குறித்ததில்லை.

மூன்றாம் குழுவின் பால்கார அம்மாள் ஜனவரி பத்தாம் தேதியே முடிந்துவிட்டார். குறித்ததற்கு ஏழு வாரம் முன்னால். காலை இறைவணக்கத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அன்று ஆசிரியர் அறையில் காபிக்குப் பால் இல்லை என்று மட்டும் ஒரு சிறு குறை இருந்தது.

அன்று சாயங்காலம் இளமதி சைக்கிள் எடுக்கப் போனாள். சீட்டின்மேல் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. கையை எடுக்காமலே கேட்டாள்.

"அண்ணாச்சி, சார்ட்டுல விட்டுப்போன வேலை ஏதாவது இருக்கா?"

தங்கப்பழம் யோசித்தார். பிறகு மூலையைக் காட்டினார். கடைசித் தூணில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்திருந்தது. எண் நூற்றுப்பதினான்கு.

"பதினோரு வருசமாச்சு. விட்டுட்டுப் போன ஆளு வரல. டோக்கன் அவர்ட்டதான் இருக்கு. வந்து கேட்டா எடுத்துக் குடுக்கணும்லா. நான் இல்லன்னா திருதிருன்னு முழிச்சிட்டு நிப்பாரு."

இளமதி மறுநாள் அதைப் பதினேழாவது வரியாக எழுதினாள். அங்கிருந்து காய்ச்சலுக்கு ஓர் அம்பு போட்டாள்.

"ஏட்டி, இது என்ன?" என்றார் ஜெபக்கனி டீச்சர்.

"முன்வேலை டீச்சர். இது முடியாம காய்ச்சலைத் தொடங்க முடியாது."

"அந்த ஆளு எப்ப வருவான்?"

"அதை இடர்ப்பாடுன்னு தனியா எழுதிருக்கேன் டீச்சர்."

டீச்சர் அம்பைப் பார்த்தார். ஸ்கேல் வைத்துப் போட்டிருந்த அம்பு. சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"உன்னால அஞ்சு பேருக்கும் மார்க்கு போகும்டி" என்றாள் குழுவில் இருந்த ஷர்மிளா பானு. "சும்மா கிடந்த சைக்கிளை எதுக்கு இழுத்து உள்ள விட்ட?"

"அம்பு போட்டாச்சுடி" என்றாள் இளமதி.

பிப்ரவரி இருபத்தெட்டு போயிற்று. தங்கப்பழம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். சார்ட்டில் பாதிக்குக் கீழே சிவப்பு. மார்ச் நான்காம் தேதி ஆய்வு என்று கடிதம் வந்தது.

தலைமையாசிரியை பதறவில்லை. ஆய்வுக்கு எது இல்லையோ அதைப் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்குவது வழக்கம். மைக்ராஸ்கோப்பு வாங்கியிருக்கிறார்கள், நூலகப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறார்கள், போன வருடம் நாற்பது பிள்ளைகளையே வாங்கியிருக்கிறார்கள். இந்த முறை மேலப்பத்து ஆண்கள் பள்ளியிலிருந்து முடிந்த ஒருவரைக் கேட்டு எழுதினார்கள்.

பரமார்த்தலிங்கம் எட்டு நாற்பது பஸ்ஸில் வந்து இறங்கினார். டிசம்பரிலேயே முடிந்தவர். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. வழி நெடுக நின்றுகொண்டே வந்திருந்தார். இரவல் பதிவேட்டில் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதி இளமதி கையெழுத்திட்டாள்.

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். பெஞ்சில் படுத்திருந்தவரின் கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார்.

"எந்தத் தேதி முடிஞ்சுது?"

"பிப்ரவரி இருபத்தெட்டு சார்" என்றாள் இளமதி.

"குறை ஏதும் உண்டா?" என்று பெஞ்சைப் பார்த்துக் கேட்டார். பரமார்த்தலிங்கம் இல்லையென்று தலையசைத்தார். அதிகாரி ரெக்கார்டு நோட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டார். சார்ட்டில் சிவப்பு வண்ணம் கோட்டைத் தாண்டியிருந்ததற்காக இரண்டு குறைத்திருந்தார். பிறகு மிக்சர் சாப்பிட்டார்.

மாலையில் பரமார்த்தலிங்கத்தைத் திரும்ப பஸ் ஏற்றிவிடுவது தலைவியின் பொறுப்பு. இருவரும் ஸ்டாண்டு ஓரமாக நின்றார்கள். அவர் உள்ளே மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாடைக் கட்டைத் தளர்த்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்துத் தங்கப்பழத்திடம் நீட்டினார்.

தங்கப்பழம் எண்ணைப் படித்தார். "நீங்கதானா அது?"

"பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டு."

தங்கப்பழம் தூசி தட்டி, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, பிரேக்கை இழுத்துப் பார்த்துக் கொடுத்தார். பரமார்த்தலிங்கம் ஏறி, மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுக் கிழக்கே போனார்.

பதினோரு வருடத்து வரியைத் தங்கப்பழம் நோட்டில் அடித்தார். முக்காலியில் உட்கார்ந்து, புறங்கையால் கழுத்தைத் தொட்டார்.

"லேசா கணகணன்னு இருக்கு பாப்பா."

அதிகாரியின் கையெழுத்து ரெக்கார்டு நோட்டில்தான் இருந்தது. சுவரிலிருந்த சார்ட்டுக்கு அது தெரியாது. பதினேழாவது வரி முடிந்துவிட்டால் அடுத்தது காய்ச்சல்.

இளமதியின் சைக்கிள் நிழலில் நின்றிருந்தது. அவள் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசித் தூணில் சாய்த்தாள்.

"இதை இங்க விடறேன் அண்ணாச்சி. டோக்கன் போடுங்க."

"எப்ப எடுப்ப?"

"தெரியல."

தங்கப்பழம் நோட்டைத் திறந்தார். நூற்றுப்பதினான்கு என்று எழுதி, வில்லையைக் கொடுத்தார். மறுபடி கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப சூடு இல்ல" என்றார்.

இளமதி வில்லையை ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் வைத்து மூடினாள். வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர். நடந்து போனாள்.

மறுநாள் காலை வாய்க்கால் பாலத்தருகே பின்னாலிருந்து மணி கேட்டது. பரமார்த்தலிங்கம் காலை ஊன்றி நின்றார். அவரைத் திருப்பி அனுப்பும்படி மேலப்பத்திலிருந்து அன்றுதான் முதல் நினைவூட்டுக் கடிதம் வர இருந்தது.

"ஏறு" என்றார்.

அவள் காரியரில் ஏறிப் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிர்க்காற்று பலமாக இருந்தது. பாலம் தாண்டியதும் அவர் மூக்கிலிருந்த பஞ்சில் ஒன்று பறந்து போயிற்று. இளமதி இறங்கி ஓடி, அதை வரப்பிலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த புல்லை ஊதிவிட்டு, அவரிடம் கொடுத்தாள்.