குளியலறைக் கடலும் டிரில் மாஸ்டரும்

நீல நிறப் பிளாஸ்டிக் டப்பில் முதல் அலை எழுந்தபோது அந்த வீட்டில் இருந்தவர்கள்: டப்புக்குள் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர், வெந்நீர்ப் பாத்திரத்தோடு குளியலறைக் கதவருகே நின்ற அவர் மனைவி, சமையலறைக் குழாயைப் பழுதுபார்க்க வந்த பிளம்பர், கூடத்தின் நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற டிரைவரின் அண்ணன். டிரைவரின் மச்சான் அப்போது அங்கே இல்லை. தானும் இருந்ததாக அவன் பிற்பாடு சொல்லித் திரிந்ததை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. அலை ஒரு விரல் உயரம்தான் இருந்தது. டிரைவரின் தொப்பையில் மோதி, நுரை தள்ளி, முறைப்படி திரும்பிப் போயிற்று. அந்த ஊரிலிருந்து கடல் ஒரு பகல் பயணத் தூரம்.

டிரைவருக்கு மூலம். இன்ஜின் சூட்டின் மேல் பாதி ஆயுளை உட்கார்ந்தே கழித்தவருக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நிறையத் தண்ணீர் குடி, நார்ச்சத்துள்ளதாகச் சாப்பிடு, மூன்று வேளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கை உப்புப் போட்டு அதில் உட்கார் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வைத்தியத்தில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் அண்ணனிடம் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் நின்றுகொண்டே இருப்பார். சாப்பாடும் நின்றபடிதான், தொலைக்காட்சி பார்ப்பதும் நின்றபடிதான். "மாஸ்டர் உக்காந்து யாராவது பாத்திருக்கீங்களா? அதுதான்யா ஒழுக்கம்" என்று ஊரில் பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் அவரைத்தான் உதாரணம் காட்டினார்கள். உண்மை என்னவென்றால் அவருக்கும் மூலம். தம்பிக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் உயிர் போகும். கொஞ்ச காலமாக ரத்தம் அதிகமாகப் போனதில் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உட்கார முடியாததால் வந்த பெயர் அது; வைத்தியம் பார்த்து உட்கார்ந்துவிட்டால், இத்தனை நாள் நின்றதன் காரணம் ஊருக்குத் தெரிந்துபோகும்.

தம்பிக்கு மூலம் என்று தெரிந்தால் ஊர் கண் தன் பக்கமும் திரும்பும். ஆகவே தம்பிக்கு வந்தது முழங்கால் வலி என்று அவர் கூடத்தில் நின்று உத்தரவு போட்டார். உத்தரவு கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் டிரைவரின் மனைவி பக்கத்து வீட்டில் கடைவாய்ப் பல் என்று சொல்லியிருந்தாள். டிரைவர் தன் பங்குக்கு டிப்போவில் முதுகு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நலம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் கையில் தைலமும் இன்னொருவர் கையில் கஞ்சியும் மற்றொருவர் கையில் இடுப்பு பெல்ட்டுமாக வாசலில் சந்தித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாஸ்டர் அசரவில்லை. "எல்லாமே ஒரே நரம்புதான்" என்று சொல்லி மூன்றையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

இதற்கிடையில் கடல் வளர்ந்தது. காலையில் ஏற்றம், மதியம் இறக்கம் என்று ஒழுங்காக நடந்தது. டப்பின் ஓரத்தில் மணல் சேர்ந்தது, சட்டைப் பொத்தான் அளவு நண்டுகள் அதில் வளை தோண்டின. தீக்குச்சி நீளத்தில் ஒரு படகு வந்தது. அதிலிருந்த மீனவர்கள் டிரைவர் டப்பில் இறங்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் உட்கார்ந்து முடித்த பிறகே வலை வீசினார்கள். கதவிடுக்கில் இதைப் பார்த்த மாஸ்டருக்கு அவர்கள்மேல் மதிப்பு உண்டாயிற்று. டிரைவருக்கோ புண் ஆறிக்கொண்டே வந்தது. அலை தடவத் தடவ வலி குறைந்து பாட்டுகூடப் பாடினார். ஆனால் கடற்புறாக்களை யார் என்ன செய்ய முடியும்? அவை குளியலறை ஜன்னல் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கத்தின. தெருமுனை வரை உப்புக்காற்று அடித்தது.

அந்தக் காற்றை மோப்பம் பிடித்தே மச்சான் வந்து சேர்ந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன், அவன் காதில் போட்டால் ஊர் காதில் போட்ட மாதிரி. மாஸ்டர் குளியலறைக் கதவை மறித்து நின்றார்.

"என்ன மாஸ்டர், முழங்கால் வலிக்கு எதுக்கு பாத்ரூம்ல கடல்?"

"கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. குழாய் ரிப்பேர்."

அந்த நேரம் பார்த்து ஒரு கடற்புறா வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. கடலை எந்தச் சோற்றில் மறைப்பது?

"மூலம்டா!" என்று உள்ளேயிருந்து டிரைவர் கத்தினார். "ஆபரேஷன் பண்ணியாச்சு, ஜம்முனு இருக்கேன். போய் ஊர் பூரா சொல்லு, உனக்கும் பொழுது போகும்!"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். குடும்ப மானம் இடிந்து விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சிரிப்புச் சத்தம் வரவில்லை. மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு, கதவில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில், "மச்சான்... ரொம்ப வலிக்குமா? எந்த டாக்டரு?" என்று கேட்டான். வேலை முடிந்தும் கிளம்ப மனமில்லாமல் தினமும் வந்துகொண்டிருந்த பிளம்பர், ஸ்பேனரும் கையுமாகச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நானும் கேக்கணும்னுதாண்ணே இருந்தேன்."

அதன்பின் வாசலில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. வங்கி மேலாளர் வந்தார், தையல்காரர் வந்தார், நீதிமன்றத் தட்டச்சர் வந்தார். எல்லாரும் ஒரு நண்பருக்காகத்தான் விசாரித்தார்கள். மாஸ்டர் மட்டும் எதுவும் கேட்காமல் கூடத்தில் நின்றார். டிரைவர் குணமாகக் குணமாகக் கடலும் உள்வாங்கத் தொடங்கியது. நண்டுகள் குறைந்தன. படகு கரையேறிக் கிடந்தது.

ஒரு நாள் மதியம் டிரைவரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்: "மாமா, கடல் போகுது. அது போறதுக்குள்ள நீங்களும் டாக்டரப் பாத்துடுங்க."

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு எதுக்கு வெயில் காலத்துலயும் கறுப்பு பேன்ட்டே போடுது?" என்றாள் அவள். "உங்க துணியத் தோய்க்கிறவ நான்தான். இத்தனை வருஷம் என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. மானத்த நான் பாத்துக்கறேன். நீங்க உடம்பப் பாருங்க."

மாஸ்டர் குளியலறைக்குப் போய்க் கரையேறிய படகைப் பார்த்தார். பிறகு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அணிவகுப்புக்குப் போகிறவர்போல மார்பை நிமிர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவர் திரும்பி வந்த அன்று டிரைவரே வெந்நீர் விளாவி, ஒரு கை உப்புப் போட்டு, அண்ணனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காவலுக்கு நின்றார். உள்ளே ஓவென்று ஏற்றம் வந்தது. மீனவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் மாஸ்டர் சாப்பாட்டு மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. டிரைவரின் மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள், அவ்வளவுதான். பிள்ளைகளைத் திட்ட ஊர் வேறு ஆள் தேடிக்கொண்டது. கடல் போகவில்லை. பிளம்பர் குளியலறைக்குப் பெரிய வடிகால் வைத்துக் கொடுத்தார். தேவைப்படுகிறவர்கள் சொந்த டப்போடு வந்து தண்ணீர் எடுத்துப் போகிறார்கள்.

மாஸ்டர் டப்பில் உட்கார்ந்த அந்த முதல் நாள் குழந்தைபோல் அழுதார் என்றும், அன்று கடல் பெருகியது அந்தக் கண்ணீரால்தான் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அந்தத் தண்ணீர் முதலிலிருந்தே உப்புதான். ஒரு கை, டாக்டர் சொன்ன அளவு.