தட்டல் நின்ற பிறகு

1

இந்தக் கதை ஒரு கையேட்டில் பிறந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கனவில் பிறந்தது, காதலில் பிறந்தது என்றால் எழுத்தாளனுக்குக் கௌரவம். எனக்கு வாய்த்ததோ, கப்பலில் அடைபட்ட இடங்களுக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு. ஒரு கப்பல் கம்பெனிக்காக அதைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டேன். "சுத்தி வளைக்காதீங்க சார், உத்தரவு மாதிரி இருக்கணும்," என்றார் மேலாளர். சுற்றி வளைப்பதுதான் என் பிழைப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கடைசி விதியை இப்படி எழுதினேன்: உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், வாசலில் நிற்பவர் அவரைத் தூக்குவதற்காக இறங்கவே கூடாது. உடனே சத்தம் கொடுத்து ஆட்களை வரவழைக்க வேண்டும்.

எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கையேடு அச்சான பிறகு ஒரு பெண் என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.* "கடைசி விதியை எழுதினது நீங்கதானா?" என்றாள். பாராட்டத்தான் போகிறாள் என்ற நினைப்பில், ஆமாம் என்றேன்.

"எழுதும்போது யாரை மனசுல வச்சிருந்தீங்க?"

யாரையும் இல்லை. அவளே சொன்னாள். அவள் கணவன் அப்படி ஒரு அறைக்குள் விழுந்து செத்தவன். வாசலில் நின்றது அவளுடைய அண்ணன். அவன் இறங்கவில்லை.

(* நேரில் பார்த்தால் மரியாதையாகத்தான் பேசுவேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லாரும் அவன், அவள்தான். இனி இவர்களை அண்ணன், தங்கை, மாப்பிள்ளை என்றே சொல்லப் போகிறேன். அவர்கள் வீட்டில் அவர்களுக்கு அதுதான் பெயர்.)

2

தொடக்கங்கள்:

"கப்பலின் முகப்பில், நங்கூரச் சங்கிலி சுருண்டு கிடக்கும் இரும்பு அறை ஒன்று உண்டு. அதன் நீளம், அகலம்…"

வேண்டாம், கையேட்டு வாடை.

"அன்று காலை மாப்பிள்ளை என்றைக்கும் இல்லாத உற்சாகத்தோடு…"

இதுவும் வேண்டாம். சாகப் போகிறவர்களைக் காலையில் சிரிக்க வைப்பது எங்கள் தொழிலின் மலிவான வித்தை. அன்று காலை மாப்பிள்ளை பல்வலியோடு எரிச்சலாக இருந்தானாம். லவங்கம் இருக்கிறதா என்று சமையல்காரரிடம் கேட்டிருக்கிறான். இல்லை என்றதும் அவரைத் திட்டியிருக்கிறான்.

"துரு காற்றைத் தின்னும்."

இது பரவாயில்லை, உண்மையும்கூட. இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜன் வேண்டும். மூடிக் கிடக்கும் அறையில் துரு அதை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். வாசம் வராது, புகை வராது, இருமலும் வராது. உள்ளே போனவனுக்கு லேசாகக் கால் தளரும். கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றும். உட்காருவான். அவ்வளவுதான்.

3

அண்ணனும் மாப்பிள்ளையும் ஒரே கப்பலில் மாலுமிகள். தங்கையைக் கட்டிக்கொடுக்கும் முன்பே இருவரும் கூட்டாளிகள். கட்டிக்கொடுத்ததே அந்தக் கூட்டில்தான்.

சங்கிலியோடு வந்து சேர்ந்த சேற்றை வழித்தெடுக்க மாப்பிள்ளை இறங்க வேண்டும், அண்ணன் வாசலில் நிற்க வேண்டும். இறங்கும் முன் காற்றை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கயிறு அறுந்து போயிருந்தது. புதுக் கயிறு கட்ட யாரும் மெனக்கெடவில்லை. கப்பல் அதிகாரி குனிந்து, கை எட்டிய மட்டும் கருவியை நீட்டிப் பார்த்தார். வாசலில் காற்று நன்றாகத்தான் இருந்தது. "எறங்கலாம்பா," என்றார்.

இரும்புச் சுவருக்குள் வாக்கி டாக்கி எடுக்காது. அதனால் இவர்களுக்குள் ஒரு பழக்கம். கீழே இருப்பவன் சுத்தியலால் ஏணியில் தட்டுவான், மேலே இருப்பவன் பதிலுக்குத் தட்டுவான். அன்றும் தட்டல் வந்தது. பதில் போனது. மறுபடி வந்தது.

பிறகு நின்றுவிட்டது.

அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தான். சங்கிலிக் குவியலில் சாய்ந்து, முகவாய் நெஞ்சில் படிய, பஸ்ஸில் தூங்குகிறவனைப் போல மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். அண்ணனின் கால் தானாக ஏணியின் முதல் படியில் போய் நின்றது. பிறகு அதை மேலே எடுத்துக்கொண்டான். தொண்டை கிழியக் கத்தினான். ஆட்கள் ஓடி வந்தார்கள். முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கும் காற்று சிலிண்டர் வாசலிலேயே இருக்க வேண்டும். அது கப்பலின் மறுகோடியில் இருந்தது. அதைத் தூக்கி வந்து, மாட்டி, இறங்கி, மாப்பிள்ளையை மேலே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை.

கம்பெனி அண்ணனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டது. "இவர் இறங்கியிருந்தா ரெண்டு பிணம். இவரைப் பாத்துக் கத்துக்குங்க," என்று மேலாளர் முதுகில் தட்டுவார். அண்ணன் நிமிர மாட்டான்.

தங்கை அவனை 'அண்ணா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். 'அந்த ஆளு' என்பதோடு சரி.

4

[மேலே "நின்றுவிட்டது" என்பதற்கும் "டார்ச் அடித்து" என்பதற்கும் நடுவில் ஒன்றை விட்டிருக்கிறேன்.]

தங்கையின் அழைப்புக்குப் பிறகு, கதைக்காக அண்ணனைத் தேடிப் போயிருந்தேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, காலி நாற்காலிகளுக்கு நடுவே அவன் அதை என்னிடம் சொன்னான்.

"அவனுக்கு ஒரு கெட்ட விளையாட்டு சார். எந்த டேங்க்ல எறங்கினாலும் நடுவுல தட்டுறதை நிறுத்திடுவான். நான் பதறிப்போய்த் தலையை உள்ள விட்டா, கீழேருந்து 'பயந்துட்டியா மச்சான்'னு சிரிப்பான். எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அன்னைக்கும் தட்டல் நின்னுச்சு. 'டேய் மாப்ள, இன்னைக்கு வேணாம்டா'ன்னேன். சத்தமில்ல. எனக்குக் கோவம். சரி, நீயா கூப்பிடுற வரைக்கும் எட்டிப் பாக்க மாட்டேன்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல சார். ஒரு தடவை கொஞ்ச நேரம்னு தோணுது. ஒரு தடவை ரொம்ப நேரம்னு தோணுது."

உடனே கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? டாக்டரால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியாது.

"தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? அவன் விளையாட்டே அவனுக்கு எமனாச்சுன்னு ஆயிடும். செத்தவன் மேல பழி போடுறான்னு நெனைப்பா. இல்ல, அவன் மேலயே அவளுக்குக் கோவம் வரும். அது அதைவிட மோசம். பயந்தாங்கொள்ளின்னு என்னைத் திட்டிக்கட்டும். அவ நெஞ்சுல அவனாவது சுத்தமா இருக்கட்டும்."

நீங்கள் கதையில் எழுதலாம் என்றான். அவள் படிக்கிற பிரதியில் மட்டும் இது வேண்டாமாம்.

5

நிலைமையைப் பாருங்கள். இந்தக் கதையை ஊரே படிக்கலாம், ஒருத்தியைத் தவிர. கதையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டவளோ அந்த ஒருத்திதான்.

அவள் கேட்டது வேறு. நேரில் போனபோது நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு நேராகவே சொன்னாள்: "கதைலயாவது அந்த ஆளு எறங்கினாருன்னு எழுதுங்க."

"இறங்கியிருந்தா அவரும் செத்திருப்பாரும்மா."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"ரெண்டு பேரும் போயிருந்தா ரெண்டு பேருக்காகவும் அழுதிருப்பேன் சார். இப்ப இவருக்காக அழ உக்காந்தா அந்த ஆளு மூஞ்சி வருது, அழுகை நின்னு போயிடுது. எனக்குன்னு இருந்தவங்க ரெண்டே பேரு. ஒருத்தரை எமன் கொண்டுபோனான். இன்னொருத்தரை நானே தொலைச்சிட்டு நிக்கிறேன்."

தண்ணீரைக் குடித்தேன்.

6

அவள் கேட்ட முடிவை எழுதிப் பார்த்தேன். அண்ணன் ஏணியில் இறங்குகிறான். பாதி வழியில் முழங்கால் தளர்கிறது. மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடிக்கிறான். பிடித்தபடியே பக்கத்தில்…

கை ஓடவில்லை. கதையில் நான் இன்னொருவனை வாசலுக்கு அனுப்பியாக வேண்டும். வாசலில் யாரையும் காணோமே என்று சமையல்காரர் வருவார், எட்டிப் பார்ப்பார், காலையில் தன்னைத் திட்டியவன் கிடப்பதைப் பார்த்து இறங்குவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். இப்படித்தான் ஒருவரைத் தூக்கப் போய் அடுக்கடுக்காகச் சாகிறார்கள். அந்த விதியை நான் யாரையும் நினைத்து எழுதவில்லை. இப்போது அதற்கு முகங்கள் இருக்கின்றன. அந்த முடிவை அழித்தேன்.

இன்னொரு முடிவு: தங்கை உண்மையைத் தெரிந்துகொள்கிறாள். அழுகிறாள், ஓடிப்போய் 'அண்ணா' என்று… இது சினிமா. உண்மை தெரிந்தால் அவள் இரண்டு பேரையும் வெறுக்கலாம். அல்லது புருஷனின் சிரிப்பு ஞாபகம் வந்து, முதல் முறையாக நிம்மதியாக அழலாம். அவளுக்குள் எந்தக் காற்று இருக்கிறது என்று அளந்து பார்க்க என்னிடம் கயிறு இல்லை. வாசலில் நின்று கை எட்டிய மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, 'எறங்கலாம்' என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஆம், பயம்தான்.

7

ஆகவே என் மேஜையில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் நான்காம் பகுதி உண்டு. மற்றதில் அதுவும் இல்லை, அதைத் தொட்டுப் பேசும் வரிகளும் இல்லை; மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குப் போய்விடலாம். அந்தப் பிரதியில் அண்ணன் விதியைக் காத்த கோழை. அப்படியே இருக்கட்டும் என்று அவன் கேட்டுக்கொண்டான்.

கதையை வாங்கிக்கொள்ள இன்று மத்தியானம் வருவதாகத் தங்கை சொல்லியிருந்தாள்.

வந்துவிட்டாள். கதவைத் தட்டுகிறாள்.

நான் எழுந்திருக்கவில்லை. இந்த வாக்கியத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் இன்னொன்று தொடங்குகிறது. மறுபடி தட்டுகிறாள். "சார், இருக்கீங்களா?" என்கிறாள். பிரதிகள் இரண்டும் மேஜையின் ஓரத்தில், உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. நான்காம் பகுதியை நீங்கள் படித்துவிட்டீர்கள். இனி அது தெரியாது என்று உங்களால் சொல்ல முடியாது.

தட்டல் நின்றுவிட்டது.

கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.