முன்மொழிந்தவரின் புகார்

மூன்றாம் முறையாகக் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கிறவளுக்கு, வேட்புமனுவில் முன்மொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட ஆளுக்கா பஞ்சம்? கேட்டால் வார்டில் பாதிப் பேர் பேனாவோடு வந்து நிற்பார்கள். ஆனால் கவுன்சிலரம்மாவுக்கு அந்த இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துத்தான் வேண்டும். முதல் தடவையும் அவர்தான், இரண்டாம் தடவையும் அவர்தான். அதுதான் ராசி என்று அவள் வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் நாத்தனார் ஓட்டித் தள்ளிவிடுவாள்.

வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. அன்றைக்குக் காலை அவள் மனுவை மேஜையில் வைத்ததும், கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் வாலைக் கடிகார ஸ்பிரிங் மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி முடிப்பது அவர் வழக்கம். சுற்றி முடித்துப் பேனாவையும் மூடிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கையெழுத்து போட்டாச்சு. ஆனா ஓட்டு போடுவேனான்னு மட்டும் கேக்காத. அது வேற விஷயம்."

"அதென்ன வேற விஷயம்?"

"நீ ஜெயிச்சா வார்டுக்கு நல்லது. தோத்தா எனக்கு நல்லது. என்கிட்ட இருக்கிறதோ ஒரே ஒரு ஓட்டு. யோசிச்சுத்தானே போடணும்?"

அவள் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். தெருமுனை திரும்புவதற்குள் சிரிப்புக் காய்ந்துவிட்டது. போன தடவை ஜெயித்தது வெறும் பதினோரு ஓட்டில். இந்தத் தடவை எதிரே நிற்பவரோ பல் டாக்டர். சுவருக்குச் சுவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த லட்சணத்தில் சொந்த வீட்டு ஓட்டே கையில் இல்லை என்றால் ஊர் ஓட்டை எந்த முகத்தோடு கேட்பது? அதைவிட, அவர் சொன்னதில் நியாயம் இருப்பது அவளுக்கே தெரிந்திருந்தது. உறுத்தியது அதுதான்.

கவுன்சிலரம்மா வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவளிடம் ஒரு புகார்ப் புத்தகம் உண்டு. தடித்த அட்டை, ஒவ்வொரு தாளிலும் எண், ஓரத்தில் கிழித்துக் கொடுக்க ஒரு ரசீது. யார் வந்து என்ன சொன்னாலும் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் அது புகார். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது எண்படிதான் நடக்கும். பெரிய மனிதர் வீட்டுக் குப்பையானாலும் வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு பிடிவாதத்துக்காகவே அவளைத் திட்டியவர்களும் உண்டு, அதற்காகவே ஓட்டுப் போட்டவர்களும் உண்டு. பத்து வருஷத்தில் அவள் யாருக்கும் வரிசையை மாற்றியதில்லை. வீட்டுக்காரர் சாப்பிடும்போது எதையாவது ஆரம்பித்தால்கூட, "எழுதிக் குடுங்க, வாயால சொன்னா கணக்குல வராது" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாள். அவரும் சிரிப்பார். பிறகு பிறகு ஆரம்பிப்பதையே விட்டுவிட்டார். அவர் விட்டுவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

பிரசாரம் இருபது நாள். விடிவதற்கு முன்னால், அரைத் தூக்கத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. வார்டு முழுக்க முழங்கால் அளவு தெளிந்த தண்ணீர். வீடுகள் மெதுவாக இடம் மாறி மிதக்கின்றன. தெருவிளக்குகள் பகலிலேயே எரிகின்றன. ஜனங்கள் கையில் ரசீதோடு வரிசையாக நிற்கிறார்கள், ஒருவரும் சத்தம் போடவில்லை. அவள் ஓர் எண்ணைக் கூப்பிடுகிறாள். ஒருவர் வருகிறார், புன்னகைக்கிறார், மிதந்து போகிறார். வரிசையின் கடைசியில் மட்டும் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் கையில் ரசீது இல்லை. இல்லாத எண்ணை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அந்த இடத்தில் முழிப்பு வந்துவிடும்.

கடைசி நாள் மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்து, உடனே வெயில் ஏறியது. தார்ச்சாலை முழுக்க ஆவி பறந்தது. வீடுகள் கால் இல்லாமல் நிற்பது போலத் தெரிந்தன. கவுன்சிலரம்மாவும் நாத்தனாரும் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கழுத்தில் விசில் இன்னும் தொங்குவதால் ஊருக்கே அவள் விசில் டீச்சர். அவள் ஒரு ஊது ஊதினால் அந்தத் தெருவே கதவைத் திறக்கும்.

"அண்ணி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. கொஞ்சம் உக்காருங்களேன்."

"இன்னும் ஒரு சந்துதான். முடிச்சிட்டு உக்காருவோம்."

அவளுக்குக் காலும் வலிக்கவில்லை, பசியும் இல்லை. எல்லாம் ஒரு பக்கம் மரத்துப்போய், நடப்பதே பஞ்சின் மேல் நடப்பது போல இருந்தது. ஆட்களின் முகம் மனதில் நிற்கவில்லை, புகார்கள்தான் நின்றன. இது விளக்கு எரியாத வீடு, எண் நாற்பது, முடிந்தது. இது சாக்கடை மூடி உடைந்த வீடு, எண் நூற்றுப் பன்னிரண்டு, முடிந்தது. இது மரக்கிளை ஜன்னலில் இடிக்கிற வீடு. கதவு திறக்கும், ஒரு கை நோட்டீஸை வாங்கும், கதவு மூடும். கொஞ்ச நேரத்தில் எல்லாக் கதவும் ஒரே கதவாகி, எல்லாக் கையும் ஒரே கையாகி, அவள் குரல் மட்டும் அவளுக்கு முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. இதமாகக்கூட இருந்தது. தோற்றாலும் ஜெயித்தாலும் இப்படியே ஆவிக்குள் நடந்துகொண்டே இருக்கலாம் போல.

அந்தச் சந்து, கடைத்தெரு வீடுகளின் பின்பக்கம். குப்பைத் தொட்டி வைக்கிற பக்கம். நாலாவது கதவு புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தது. கவுன்சிலரம்மா மணியை அழுத்தினாள்.

நாத்தனார் "அண்ணி..." என்று ஆரம்பித்தவள், வாயில் கை வைத்துக்கொண்டாள். பின்னே, அது யார் வீட்டுப் புறவாசல்? கவுன்சிலரம்மாவின் வீடேதான்! அவள் எப்போதும் கடை வழியாக உள்ளே நுழைந்து, கடை வழியாகவே வெளியே போகிறவள். புறவாசலை மிதித்தே வருஷக்கணக்காகிறது. அதற்குப் பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆயிற்று என்பதுகூட அம்மாவுக்குத் தெரியாது.

கதவு திறந்தது. உள்ளே இருட்டு, வெளியே கண்ணைப் பறிக்கும் வெயில். நின்றவரின் நெற்றியில் ஏதோ மின்னியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, புத்தகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் ஐயா. நான் உங்க வார்டு கவுன்சிலர். மறுபடியும் நிக்கிறேன். உங்க வீட்டு ஓட்டெல்லாம் எனக்குத்தான் போடணும்."

அந்த மனிதர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "வாங்கம்மா. பாத்து நாளாச்சு" என்றார்.

எங்கேயோ கேட்ட குரல். கனவில் கேட்டதோ என்று நினைத்தாள்.

"உங்க வீட்ல ஏதாவது குறை இருக்குங்களா?"

"இருக்கும்மா. சமையல்கட்டுக் குழாய் சொட்டுது. மூணு வருஷமா."

"மூணு வருஷமாவா? யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேம்மா. வாயால சொன்னேன்."

"அதாங்க தப்பு. எழுதிக் குடுத்திருக்கணும்." அவள் எழுத ஆரம்பித்தாள். "வீட்டுக்குள்ள குழாய் மாநகராட்சி வேலை இல்லீங்க. இருந்தாலும் ஆள் சொல்லி அனுப்புறேன். எண் முந்நூத்தி எண்பத்தேழு. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அவர் வாங்கி, நெற்றியில் இருந்ததைக் கண்ணுக்கு இறக்கி, ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் வால் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று.

கவுன்சிலரம்மா அந்த வாலைப் பார்த்தாள். ஆவியெல்லாம் சட்டென்று விலகி, தெரு தன் இடத்தில் வந்து நின்றது. நீலக் கதவு. கதவோரம் அவளுடைய பழைய செருப்பு. உள்ளே இருட்டில் டக், டக் என்று ஒரு சொட்டு.

"அடக் கடவுளே!" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டாள். "கட்டின புருஷன்கிட்டயே ஓட்டுக் கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான் அண்ணி!" என்று சிரித்து, சிரித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "நான் அடுத்த வீட்டைப் பாத்துட்டு வரேன்" என்று நைசாக நழுவினாள்.

கடிகாரக்காரர் சிரிக்கவில்லை. கையை நீட்டி, "ரசீது" என்றார்.

"விளையாடாதீங்க."

"விளையாட்டு இல்ல. உன் சட்டம்தானே. ரசீது குடு."

கிழித்துக் கொடுத்தாள். அவசரத்தில் ஓரம் கோணலாகக் கிழிந்தது. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்பவே சரி பண்ணிடுறேன், தள்ளுங்க" என்று எழுந்தாள்.

"ஓட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியா? அதுக்குப் பேரு லஞ்சம். போ, போய் மிச்ச வீட்டைப் பாரு."

அவள் போனாள். மிச்ச வீடுகளில் என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. மறுநாள் எண்ணினார்கள். முதல் சுற்றில் இருபது ஓட்டு முன்னால் இருந்தாள், இரண்டாம் சுற்றில் சமம். கடைசிப் பெட்டியில் பல் டாக்டர் பதினாலு ஓட்டில் ஜெயித்தார். சுவரில் சிரித்தது போலவே நேரிலும் சிரித்துக் கை கொடுத்தார். கவுன்சிலரம்மாவும் கை கொடுத்தாள். நாத்தனார்தான் கேவிக் கேவி அழுதாள்.

சாயங்கால வெயிலில் தனியாக நடந்து வந்தாள். விளக்குக் கம்பம், மூடிய சாக்கடை, வெட்டிய மரக்கிளை எல்லாம் அவளைத் தாண்டித் தாண்டிப் போயின. எதற்கும் அவள் இனி பொறுப்பில்லை என்பது விசித்திரமாக இருந்தது; யாரோ தோளில் இருந்த பையை வாங்கிக்கொண்டு போய்விட்டது போல. வலித்தது. பத்து வருஷம் அய்யா, வலிக்காதா? கடைக்கு முன்னால் வந்து, உள்ளே நுழையாமல் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போய், நீலக் கதவைத் தட்டினாள்.

கடிகாரக்காரர் திறந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். நகர்ந்து வழி விட்டார்.

அவள் நேராகச் சமையல்கட்டுக்குப் போய், தண்ணீரை நிறுத்திவிட்டு, ஸ்பேனரைத் தேடி எடுத்து, குழாயைக் கழற்றினாள். வாஷர் தேய்ந்து தாளாகிப் போயிருந்தது. புதுசு மூன்று, டப்பாவில் தயாராக இருந்தது. எப்போது வாங்கினாரோ! அவர் கையால் மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது. மணல் அளவு திருகாணியைக் கழற்றி மாட்டுகிற மனிதருக்குக் குழாய் ஒரு வேலையா? மூன்று வருஷம் அவர் சொட்டவிட்டது எதற்காக என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முறுக்கி முடிப்பதற்குள் அவள் சேலை முழுக்க நனைந்துவிட்டது. தண்ணீரைத் திறந்தாள். சொட்டவில்லை. வீடு அமைதியாகிவிட்டது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தின் மேல்தான் குடியிருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

புகார்ப் புத்தகத்தைப் பிரித்தாள். புது ஆள் பதவி ஏற்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதுவரை அவள்தான் கவுன்சிலர். முந்நூற்று எண்பத்தேழுக்கு நேரே 'முடிந்தது' என்று எழுதினாள். எழுதும்போது நிமிராமலே கேட்டாள்.

"யாருக்குப் போட்டீங்க?"

"உனக்குத்தான்."

"நான் தோத்தா உங்களுக்கு நல்லதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்." அவர் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து மேஜையில் வைத்து நீவினார். "ஆனா நீ எழுதிட்டியே. எழுதினவளுக்கு எப்படிப் போடாம இருக்கிறது?"

பதினாலு ஓட்டில் தோற்றதற்கு வராத அழுகை அப்போது வந்தது. அவர் தடுக்கவில்லை. அழுது முடித்து அவள் மூக்கை உறிஞ்சும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு குறை இருக்கு."

அவள் கை தன்னால் பேனாவுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. புத்தகத்தை மூடித் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாயாலயே சொல்லுங்க" என்றாள்.