கொத்தனார் மகனின் வீட்டில் சர்வே

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, நெய்யாற்றின்கரையில், செங்கல் கிராமத்தைச் சேர்ந்த பதினாலு சென்ட் ரப்பர் நிலத்தைப் பங்கஜாட்சி என்பவர் சதானந்தன் என்பவருக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பணம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியது. பங்கஜாட்சியின் மகள் ஆர்யா அங்கே ஸ்டோக் நகரத்தில் நர்ஸ். ஆறு வருஷமாக வாடகை வீடு. அதே நகரத்தில் இருந்த பெருங்கடவிளை எபின், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வதால் தன் வீட்டை ஆர்யாவுக்கே விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

எபினின் அப்பா பொன்னுதாஸ் கொத்தனார் என்றதும் பங்கஜாட்சிக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. புருஷன் இறந்த வருஷம் சுவரோடு நின்றுபோன அவளுடைய வீட்டுக்கு, கூலி பேசாமல், மழைக்கு முன்னால் கான்கிரீட் போட்டுக் கொடுத்தவர் அவர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

அதனால் ஏப்ரலில் ஆர்யா போனில் சொன்ன செய்தி அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, ஒரு சர்வேக்காரனெ ஏற்பாடு செய்திட்டுண்டு. வியாழக்கிழமை போய் வீட்டெப் பாப்பான்."

"என்னத்தெப் பாக்க? கொத்தனாருக்க மவன் வீடாக்கும்."

"கொத்தனாரு கெட்டுன வீடு இல்லம்மா. நூறு வருஷம் முன்னால எவனோ வெள்ளைக்காரன் கெட்டுனது."

"பேங்குகாரன் பாத்தாச்சுன்னு சொன்னியே?"

"அவன் அவனுக்க கடனுக்குப் பாத்தான். பத்து நிமிஷம். இவன் கூரைக்கு அடியில உள்ள மச்சுல ஏறிப் பாப்பான். ஈரம் உண்டா, சுவரு வெடிச்சிருக்கா, எல்லாம் எழுதித் தருவான். இங்க எல்லாரும் செய்யியது."

எல்லாரும் செய்வது என்றாலும் பொன்னுதாஸுக்கு அது எப்படிப் படும் என்று பங்கஜாட்சி யோசித்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நாள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளை வேட்டியோடு அவரே வந்துவிட்டார். வைத்த சாயாவைத் தொடவில்லை.

"எனக்க மவனுக்க வீட்டெ சோதிக்க ஆளு விடுதியாமே, பிள்ளே? போலீஸ் நாயும் வருமா?"

"அண்ணா, அது அந்த ஊரு வழக்கம்."

"எந்த ஊரு வழக்கம்? உனக்க வீட்டெ நான் கெட்டும்போ எவனெக் கொண்டு வந்து சோதிச்சே?"

பங்கஜாட்சி வேறொன்றைச் சொன்னாள்.

"இந்தச் சதானந்தன் முப்பது வருஷமா எனக்க அடுத்த விளைக்காரன். நிலம் வாங்கும்போ அவன் அளக்க ஆளு கொண்டு வந்தான். டேப்புக்க ஒரு தும்பெ நானாக்கும் பிடிச்சுக் குடுத்தேன். எனக்குக் கோவம் வரல்ல."

"மண்ணு வேற, வீடு வேற."

"இருந்த நிலம் அம்பிடும் போச்சு அண்ணா. இனி விக்க எனக்கிட்ட ஒண்ணும் இல்ல."

பொன்னுதாஸ் ஆறிப்போன சாயாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"செரி, பாக்கட்டு. நல்லாப் பாக்கட்டு. எனக்குத் தெரியாத வீடா அது? முன்னறையில பாதி எடத்தெ அடைச்சிட்டு ஒரு அடுப்புச் சுவரு நின்னுது. எபினும் ரெண்டு கூட்டுக்காரனுவளும் லீவு போட்டு ஒடச்சானுவ. வீடியோ போட்டு, எந்தக் கல்லெத் தட்டணும், எப்பிடித் தட்டணும்னு இஞ்ச இருந்து நானாக்கும் சொல்லிக் குடுத்தது. இப்பம் அந்த எடத்தில டிவி நிக்குது."

போகும்போது அவர் சிரித்தார். பங்கஜாட்சிக்கும் ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை சர்வே நடந்தது. அதற்கடுத்த புதன்கிழமை மத்தியானம் ஆர்யா கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை. சர்வே அறிக்கை வந்திருந்தது.

அந்த ஊர்ப் பழைய வீடுகளில் கரி எரித்துக் குளிர் காய்வார்களாம். அதற்காகத் தரையிலிருந்து மாடி அறை வழியாகக் கூரைக்கு மேல் வரை செங்கல்லால் ஒரே புகைபோக்கி எழுப்பியிருப்பார்கள். எபின் உடைத்தது அதன் கீழ்ப்பகுதியை மட்டும். மாடியிலும் மச்சிலும் கூரைக்கு மேலும் மீதி அப்படியே நின்றது. ஒரு டன்னுக்கு மேல் கனம். கீழே தாங்குவதற்கு நாலு பழைய பலகை.

"மாடியில அதுக்கப் பக்கத்தில யாரு கிடக்குதா தெரியுமாம்மா? எபினுக்க கொச்சு மோளு. அவனுக்க பெண்டாட்டி ஜீனாக்கிட்ட அப்பமே சொல்லியாச்சு. அவ பயந்து போனா. ஆனா எபின் கேக்கமாட்டேங்கான். விலையெக் கொறைக்கத்தான் இந்தச் சர்வேன்னு சொல்லுதான். அப்பா சொல்லித்தான் ஒடச்சேன், அப்பாக்குத் தெரியாததான்னு கேக்குதான்."

"நீ என்ன சொன்னே?"

"வீடு வேண்டாம்னு நான் சொல்லல்ல. அதெப் பொறவு பேசலாம். கொச்சு அந்த அறையில கிடக்காண்டாம். அதெச் சொன்னா அவன் கேக்க ஒரு ஆளு தான் உண்டு, அவனுக்க அப்பா."

பங்கஜாட்சி போனை வைத்தாள். தானே போய்ச் சொன்னால் அந்த மனிதர் தன் வாசலை இனி மிதிக்கமாட்டார் என்று நினைத்தாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு ஓட்டோ பிடித்தாள்.

பெருங்கடவிளைச் சந்தைக்குப் பின்னால் ஒரு புதுவீட்டில் பொன்னுதாஸ் பூச்சு வேலையில் இருந்தார். சாரத்திலிருந்து இறங்கி வந்தார். முகம் பார்த்ததுமே கேட்டார்.

"என்ன பிள்ளே, உனக்க வெள்ளைக்காரன் என்ன கண்டு பிடிச்சான்?"

அவள் போனை நீட்டினாள். சர்வேக்காரர் மச்சில் எடுத்த படம். பொன்னுதாஸ் சிமெண்ட் விரலை வேட்டியில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பக்கத்தில் கிடந்த செங்கல் குவியலின்மேல் உட்கார்ந்தார்.

"இது மேல வரைக்கும் போவுதா?" என்றார். "நம்ம அடுக்களைப் புகைக்கூண்டு மாதிரின்னு நெனச்சேன் பிள்ளே. அவன் கீழ் அறையெ மட்டுந்தான் காட்டுனான். மேல என்ன உண்டுன்னு நான் கேக்கல்ல."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், அண்ணா?"

"கேக்கணும். எவன் கெட்டுனாலும் மேல பாத்திட்டுத்தான் கீழ தட்டணும். நேத்து வேலைக்கு வந்தவனுக்கும் அது தெரியும்."

அவரே மகனைக் கூப்பிட்டார். அங்கே காலை ஒன்பதரை.

"எலே, கொச்சு எங்கேல?"

ஸ்கூலுக்குப் போயிருப்பதாக எபின் சொன்னது வெளியிலும் கேட்டது.

"அவ வாறதுக்கு முன்ன கட்டிலெ எடுத்து கீழப் போடு. அந்த அறையெப் பூட்டு. டிவிக்கக் கிட்டயும் ஆரும் இருக்கப்பிடாது... என்னது? விலையா? விலை கெடக்குதுல, நீ நான் சொல்லியதெக் கேளு. எனக்குத் தெரியாது மக்கா. தெரியாமத்தான் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு சொல்லியதாக்கும் செரி."

அந்தப் பக்கத்திலிருந்து "செரிப்பா" என்று கேட்டது. பொன்னுதாஸ் போனைப் பங்கஜாட்சியிடம் திருப்பிக் கொடுக்கப் போனார். அது அவருடைய போன் என்று அவள்தான் சொன்னாள்.

குழந்தையின் கட்டில் அன்றைக்கே கீழே வந்தது. ஜூனில் ஒரு எஞ்சினியர் கணக்குப் போட்டுக் கொடுக்க, புகைபோக்கியின் அடியில் இரும்பு உத்தரம் கொடுத்தார்கள். செலவு எபினுடையது. ஆஸ்திரேலியப் பயணம் மூன்று மாதம் தள்ளிப்போனது. செப்டம்பர் 6-ஆம் தேதி ஆர்யா வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.