சத்தமில்லாத பெட்டி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. சாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி சொன்னது. முடிப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார். மீதி என் தலையில் விழுந்தது.

2006 டிசம்பரில் வேல்விழி கண்மாய்க் கரையில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, வானம்

(வானம் வேண்டாம். அதைப் பார்த்துக் கதை ஆரம்பிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.)

2

வேல்விழி பிளஸ் ஒன். பள்ளிக் கண்காட்சிக்கு அவளே யோசித்த சோதனை இது. இரண்டு பெட்டி, பெட்டிக்குப் பத்து நத்தை. முதல் பெட்டி பள்ளியில். தினமும் அதன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு சீனி வெடியைக் கொளுத்துவாள். முதல் நாள் பத்தும் ஓட்டுக்குள் ஓடி ஒளிந்தன. இருபதாம் நாள் ஒன்றுகூட அசையவில்லை. இரண்டாவது பெட்டி சத்தமே கேட்காமல் வளர வேண்டியது. கண்காட்சியன்று இரண்டுக்கும் ஒரே வெடி. பழகாதவை பயப்படும், பழகியவை சும்மா இருக்கும்.

அவள் அம்மா சண்முகத்தாய்* பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவள். மகள் பேசுவதைக் கேட்க அரை நாள் லீவு போட்டு, பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

(* பெயர் வைக்கத் தயங்கினேன். பெயர் வைத்த ஆளை எதுவும் செய்ய மனம் வராது. அதற்காகவே வைத்தேன்.)

3

கண்காட்சியன்று ஜன்னலுக்கு வெளியே சீனி வெடி வெடித்தது. மாற்றலாகி வந்து ஒரு வாரமே ஆன தனுஷ்கோடி சார் மட்டும் துள்ளினார். இருபது நத்தைகளும் கொம்பை நீட்டியபடி ஊர்ந்துகொண்டிருந்தன.

"ரெண்டாவது பெட்டிய எங்கம்மா வச்சிருந்த?"

"எங்க வீட்டுல சார். கம்பெனிக்குப் பின்னால."

"அங்க பட்டாசு டெஸ்ட் பண்ணுவாங்களே?"

"தெனமும் போடுவாக." வேல்விழிக்கு நிஜமாகவே புரியவில்லை. "அதுவும் சத்தத்துல சேத்தியா சார்?"

(இங்கே பிள்ளைகள் சிரிப்பதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்தக் கேள்வியில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது.)

4

"சோதனை தப்பாப் போச்சும்மா" என்று சார் வாயெடுத்தார். அப்போது, ஒரு சத்தமும் இல்லாமல், இருபது நத்தைகளும் ஒன்றாக ஓட்டுக்குள் போயின.

யாரும் மேசையைத் தொடவில்லை. மின்விசிறிகூட ஓடவில்லை.

பழக்க தோஷத்தில் வேல்விழி நோட்டில் நேரம் குறித்தாள்: 11.20. எழுதி முடித்த பிறகுதான் அந்த எண்ணைப் பார்த்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், எங்கம்மா இன்னும் வரலியே."

5

முதல் முடிவு: ஜன்னல்கள் அதிர்ந்தன. கம்பெனிப் பக்கம் புகை, ஓடுகிற ஜனம், ஒற்றைச் செருப்பு, எல்லாம் எழுதினேன். டீ குடித்துக்கொண்டே, ஒரே மூச்சில். கை நடுங்கவில்லை. நானும் கம்பெனிக்குப் பின்னால் வளர்ந்தவன்தான். என் கையைப் பார்த்து எனக்கே பயம் வந்து, கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முடிவு: சண்முகத்தாய் வாசலில் நிற்கிறாள். "பஸ்ஸு கெடைக்கல தாயி, நீ பேசிட்டியா?" இதை நம்பத்தான் எனக்கு ஆசை.

பஸ் பெண்மணியிடம், "அம்மா வந்தாங்களா?" என்று கேட்டேன். "எறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

ஆகவே நத்தைகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. வேல்விழி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே யார் வருவது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜன்னல்கள் அதிர்ந்தன என்று படித்தபோது உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டதா?

இல்லையென்றால், உங்கள் பெட்டியை எங்கே வைத்திருந்தார்கள்?