சாம்பல் தேய்த்த வளையம்

எழில்மதிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், வேலை வேகமெடுக்கும். அந்த வாரம் நெய்வேலி மெயின் பஜாரில் அவளுடைய வாட்ச் ரிப்பேர் கடைக்கு வந்தவர்களெல்லாம் சொன்ன நாளுக்கு முன்பே வாட்சை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கோபத்துக்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவள் கணவன் இளவழகன் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்கிறவன். பம்ப் ஹவுஸில் தண்ணீர் இழுக்கும் வாயில் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அதில் சிக்கும் பாசியையும் குப்பையையும் மூழ்கிப் போய் அறுத்தெடுப்பது அவனுடைய கான்ட்ராக்ட் வேலை. கையில் கட்டியிருப்பது பம்பாயில் கப்பலில் இருந்தபோது வாங்கிய பழைய ஜப்பான் வாட்ச். கண்ணாடியைச் சுற்றிலும் திருகினால் சுழல்கிற எஃகு விளிம்பு, அதன்மேல் பதித்த மெல்லிய கறுப்பு வளையம், வளையத்தில் நிமிடக் கோடுகளும் எண்களும். இறங்கும்போது வளையத்தின் புள்ளியைப் பெரிய முள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டால் போதும், உள்ளே போய் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று முள்ளே காட்டும். சிலிண்டரில் இருக்கும் காற்றுக்கு அதுதான் கணக்கு.

அந்த வளையம் இப்போது மொட்டையாகக் கிடந்தது. கறுப்பும் இல்லை, எண்ணும் இல்லை. பாத்திரத்தோடு சேர்த்து அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டாள் என்றான் இளவழகன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. எத்தனை சோப்பு வாங்கிக் கொடுத்தாலும், அனல்மின் நிலையத்துச் சாம்பலை டப்பாவில் வைத்துக்கொண்டு அதில்தான் தேய்ப்பேன் என்கிறவள் கஸ்தூரியம்மாள்.

அவளே ஒப்புக்கொண்டும் விட்டாள். தேய்த்த ஞாபகமே இல்லை, ஆனாலும் நான்தான் தேய்த்திருப்பேன் என்று மருமகளிடம் சொன்னாள். அன்றிலிருந்து ஆள் ஒடுங்கிப்போனாள். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று கேட்பாள். கதவைப் பூட்டிவிட்டு நாலடி நடந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருவையே அதட்டி வைத்திருந்த மனுஷி, இப்போது வீட்டில் ஒரு டம்ளரை எடுக்கவும் அனுமதி கேட்டாள். எழில்மதியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. வளையம் பழையபடி ஆனால் அத்தையும் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பினாள். ஆக்கியே தீருவது என்று உட்கார்ந்தாள்.

முதலில் கழற்றாமலே பெயிண்ட் அடித்து எண் எழுதிப் பார்த்தாள். தண்ணீரில் ஊறப்போட்டதும் பெயிண்ட் தோலாக உரிந்து மிதந்தது. சரி, புதிதாகவே செய்துவிடலாம் என்று மெல்லிய பிளேடை விளிம்பில் கொடுத்துப் பழைய வளையத்தை நெம்பினாள். பொசுக்கென்று வந்துவிட்டது. அத்தனை வருஷத்து வளையம் அப்படிச் சுலபமாக வரக்கூடாது. திருப்பிப் பார்த்தாள். அடியில் செருப்பு ஒட்டுகிற மஞ்சள் பசை, பிசுபிசுப்புக்கூடப் போகவில்லை. எஃகு விளிம்பின் பற்களிலோ பழைய அழுக்கு அப்படியே இருந்தது. பாத்திரத்தோடு தேய்த்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது அந்த அழுக்கு. யாரோ வளையத்தை மட்டும் கழற்றித் தேய்த்து, திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அந்த வாட்சை அப்படிக் கழற்றத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

போய் இளவழகன் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. போகவில்லை. வளையம் முடியட்டும், சாக்குச் சொல்ல அவனுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

லேத் பட்டறையில் அலுமினியத் தகட்டை வளையமாகக் கடைந்து வாங்கினாள். அது மயிரிழை பெரிதாகிப்போய், அழுத்தியதும் மேடு தட்டியது. தூக்கி எறிந்தாள். அடுத்ததை பேட்டரி ஆசிட் கலந்த தண்ணீரில் தொங்கவிட்டு கரண்ட் கொடுத்தாள். அப்போதுதான் அலுமினியத்தின் மேல் சாயம் குடிக்கும் தோல் ஒன்று உண்டாகும். குறிஞ்சிப்பாடியில் தறி நூலுக்குப் போடும் கறுப்புச் சாயத்தைச் சூடாக்கி அதில் முக்கினாள். திட்டுத் திட்டாக வந்தது. எண்ணெய்க் கையால் தொட்டிருக்கிறாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு இன்னொன்று கடைந்து வந்து, அதை இடுக்கியால் மட்டுமே தொட்டாள். சாயம் சீராக ஏறியது. கொதிநீரில் போட்டு எடுத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிறகு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஊசி உளியால் கறுப்பைக் கீறினாள். அடியிலிருந்த வெள்ளை உலோகம் கோடு கோடாக, எண் எண்ணாக வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை கடைக்குப் போயிருந்த நேரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் தட்டுக்குப் பக்கத்தில் வாட்சை வைத்தாள்.

"எதுக்குக் கழட்டித் தேச்ச?"

பொய் சொல்ல வாயைத் திறந்தான். பழைய வளையத்தைப் பசை தெரியும்படி திருப்பி வைத்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். போன மாதம் அடியில் கம்பிக்குள் ஒரு கை மாட்டிக்கொண்டது. கலங்கல் தண்ணீர். மேலே சைகை கொடுக்கும் கயிறு இன்னொரு கைக்கு எட்டவில்லை. முகத்துக்கு நேரே இருந்தது வாட்ச் மட்டும்தான்.

"முள்ளு அந்த எண்ணுங்க மேலயே போய்க்கினு இருந்துச்சி எழில். கையி எப்பிடி வந்துச்சின்னே தெரியல. மேல வந்தப்புறம் அந்த எண்ணுங்கள என்னால பாக்கவே முடியல."

வாட்ச் சரியில்லாமல் கான்ட்ராக்டர் சிங்காரவேல் யாரையும் இறக்கமாட்டார். எண் போனால் இறங்க வேண்டாம், பயந்துவிட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லவும் வேண்டாம். பழிபோட அம்மா வாகாகக் கிடைத்தாள்.

எழில்மதிக்கு அவன்மேல் இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. அதனால் கோபம் ஒன்றும் குறையவில்லை.

"பயந்துட்டன்னா பயந்துட்டேன்னு சொல்லு. உன்ன எறங்குன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அங்கயும் நீயேதான் சொல்லணும், அம்மாகிட்டயும் நீயேதான் சொல்லணும்."

மறுநாள் காலை புது வளையத்தோடு வாட்சைக் கட்டிக்கொண்டு போய், வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, தனக்குத்தான் இறங்கப் பயமாக இருக்கிறது என்று சிங்காரவேலிடம் சொன்னான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் முங்குகிறவன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் மேலே நின்று கயிறு பிடி என்றார் சிங்காரவேல். நினைத்த அளவுக்கு அது கஷ்டமாக இல்லை.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கம்பியில் கை மாட்டியதிலிருந்து பசை வாங்கியது வரை சொன்னான். பாதியில் அவன் நழுவிவிடாதபடி எழில்மதி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

திட்டுவாள், கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். கஸ்தூரியம்மாள் வாட்சைப் பார்க்கவேயில்லை.

"அப்போ நான் தேய்க்கலியா?"

"இல்லம்மா."

அவள் கீரைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா கடைசியில என்னையே யாருன்னு கேட்டுச்சிடா. எனக்கும் அது வந்துருச்சின்னு நெனச்சி, தெனம் காலையில கண்ணு முழிச்சதும் உம் பேர சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன்."